இரண்டு ஹெல்மெட் வாத்தியார்

கிள்ளான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனர் நடத்திய டைப்பிங் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். மனு, விண்ணப்பம், புகார்க் கடிதம் என்று எதைக் கொண்டுவந்தாலும் மலாயில் தட்டச்சு செய்து கொடுப்போம். வாத்தியாரை முதலில் பார்த்தது அங்கேதான். கடைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்து வந்த பெரியவருக்கு ஹெல்மெட்டின் வாரைக் கழற்றத் தெரியவில்லை. அதைத் தலையில் மாட்டியபடியே உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து, தன் வீட்டுக்குத் தண்ணீர் வராத கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

வாத்தியார் பக்கத்தில் நின்றார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு ஆசிரியர். அந்த வருடம்தான் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் அவரைப் போட்டிருந்தார்கள். ஒல்லியான ஆள். பாக்கெட்டில் சிவப்புப் பேனா. தோளில் ஒரு துணிப்பை, அதில் எப்போதும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள்.

கடிதத்தை முடித்துவிட்டு, "கீழ யாரு பேரு சார் போடணும்?" என்று கேட்டேன்.

"இவரு பேருதான்."

"நீங்க கவுன்சிலர்தானே? உங்க பேரப் போட்டா சீக்கிரம் நடக்கும் லா."

"நடக்கும், அக்கா. அப்புறம் அடுத்த தடவையும் என்னையேதான் தேடி வருவாரு."

என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்னை அக்கா என்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தால் ஊரில் எல்லாப் பெண்களும் அவருக்கு அக்கா, இல்லாவிட்டால் அம்மா. அவர் கொண்டுவந்த எத்தனையோ கடிதங்களை நான் தட்டியிருக்கிறேன். ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. அதனால் இங்கேயும் நான் அதை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அவருடைய மோட்டார் சைக்கிளில் எப்போதும் இரண்டு ஹெல்மெட் தொங்கும். வெள்ளை அவருடையது. சிவப்பு ஊருடையது. எங்கள் பண்டமாரான் வட்டாரத்தில் அந்தச் சிவப்பு ஹெல்மெட்டுக்குள் போகாத தலை குறைவு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், லோரிக்காரர், மீன் கடைக்காரர் என்று எல்லோருடைய எண்ணெயும் வேர்வையும் அதில் ஊறியிருந்தது. உள்ளே பழைய நாளிதழை மடித்து வைத்திருப்பார். வாரத்துக்கு ஒரு தடவை நாளிதழ் மாறும், ஹெல்மெட் மாறாது. இளம் பெண்கள் யாராவது உதவி கேட்டு வந்தால் மோட்டாரில் ஏற்றமாட்டார். ஊர் வாய் சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும். அவர்களோடு பஸ்ஸில் போவார். என் அம்மா வயதுள்ளவர்கள் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் ஹெல்மெட்டையும் மறுகையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு போவார்கள்.

இதுதான் அவருடைய வழக்கம். யார் புகார் சொன்னாலும் சொன்னவரையே கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போவார். போய் என்ன செய்வார் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஒன்றும் செய்யமாட்டார். வந்தவரை முகப்பிடத்துக்கு, அதாவது கவுண்டருக்கு, அனுப்பிவிட்டு, பின்னால் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து துணிப்பையைத் திறந்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்த ஆரம்பித்துவிடுவார். போனவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இவர் தலையைத் தூக்காமல், "பேசுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்பார். அவ்வளவுதான். அதிகாரிகளுக்கு அவரைத் தெரியும். அவரைப் பார்த்துப் பேசத்தான் முதலில் முயற்சி செய்வார்கள். அவர் பேனாவால் முகப்பிடத்தில் நிற்பவரைக் காட்டிவிட்டுக் கணக்குக்கு 'சரி' போட்டுக்கொண்டிருப்பார்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொன்னால் பொய். சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று காப்பிக் கடையில் மேசையைத் தட்டிக் கத்திய ஒரு லோரிக்கார அண்ணனை மூன்று தடவை கூட்டிப்போனார். முதல் தடவை அந்த ஆள் முகப்பிடத்தில் நின்று வீட்டு நம்பரை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இரண்டாவது தடவை சாக்கடை என்ற சொல் வரை போனார். மூன்றாவது தடவைதான் முழுதாகச் சொன்னார். நடுவில் இரண்டு மழை பெய்து, அவர் வீட்டுக் கட்டில்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது.

"ஒரு போன் போட்டா முடியிற வேலை, இந்த ஆளு என்னாலா நம்மள ஸ்கூல் பையன் மாதிரி நிக்க வைக்கிறாரு?" என்று அந்த அண்ணன் எங்கள் கடையில் வந்து பொருமினார். நானும் சேர்ந்து பொருமினேன். அதிகாரியிடம் பேச வாத்தியாருக்கே பயமோ என்னவோ என்றுகூடச் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் ஏன் அப்படி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, அதுவும் என் அம்மா மூலமாக. அவர் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். அப்பா தண்டவாளம் போட்ட தொழிலாளி. அம்மாவிடம் ஒரு நாள் சொன்னாராம்: "எங்கப்பா எந்த ஆபீசுக்குப் போனாலும் கூட ஒரு ஆளு போவாரும்மா. அந்த ஆளுதான் பேசுவாரு. அப்பா பக்கத்துல நின்னு தலையாட்டுவாரு. என்ன சொன்னாங்கன்னு வீட்டுக்கு வந்தப்புறமும் அவருக்குத் தெரியாது. ஒரு தடவை அப்பா லீவு கேட்டுப் போனாரு, மாத்தல் வாங்கிட்டு வந்தாரு."

இனி என் அம்மா கதைக்கு வருகிறேன். வாத்தியாரை நான் மறக்காமல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திக்குத்தான் சிவப்பு அடையாள கார்டு. எனக்கும் அப்பாவுக்கும் நீலம், குடிமக்களுக்குக் கொடுப்பது. அம்மா இந்த நாட்டில், ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் பிறந்தவள். யாரும் பதியவில்லை, அதனால் பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் குடியுரிமையும் இல்லை. அப்பா உயிரோடு இருந்தவரை அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. நாங்கள் இருந்த கம்பத்துக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி, பதிலுக்கு மலிவு விலை அடுக்குமாடியில் வீடு தருவதாக அப்பா பெயரைப் பட்டியலில் எழுதினார்கள். எழுதிய ஆறாவது மாதம் அப்பா தவறிவிட்டார். பெயரை அம்மாவுக்கு மாற்ற வேண்டுமென்றால் நீல கார்டு வேண்டும் என்றார்கள். எனக்கு மாற்றலாமா என்று கேட்டேன். கல்யாணமாகாத தனி ஆளுக்குக் கொடுப்பதில்லையாம். ஆக, அம்மாவுக்குக் குடியுரிமை கிடைத்தால் வீடு. இல்லாவிட்டால் யார் வீட்டு அறையிலாவது வாடகைக்கு ஒண்ட வேண்டியதுதான்.

வாத்தியார் விண்ணப்பத்துக்கு வேண்டியதையெல்லாம் அலைந்து சேர்த்தார். அலைந்து என்றால் அம்மாவையும் அலையவைத்துத்தான். தோட்டத்தில் அம்மா பிறந்ததைப் பார்த்த ஒரு கிழவியைத் தேடிச் செமினி வரை இருவரும் மோட்டாரில் போய் வந்தார்கள். கடைசியில் நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. அதிகாரி மலாயில் கேள்வி கேட்பார், மலாயில் பதில் சொல்ல வேண்டும்.

நான் மலாயில் தட்டச்சு செய்கிறவள் அல்லவா? சும்மா இருப்பேனா? கடையில் உட்கார்ந்து இருபது கேள்வியும் இருபது பதிலும் சுத்தமான பள்ளிக்கூட மலாயில் தட்டினேன். ஒன்று, மாமன்னர் பெயர். இரண்டு, மாநிலங்கள் எத்தனை, பதின்மூன்று. மூன்று, தேசிய மலர், செம்பருத்தி. இப்படியே இருபது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தாளை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்து, நான் வாசிக்க அவள் திரும்பச் சொல்ல, இரண்டு வாரம் மனப்பாடம் நடந்தது.

ஒரு மாலை வாத்தியார் வந்தார். தாளைப் பார்த்தார். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னார்.

"இது வேணாமே, அக்கா. அம்மா பாசார்ல மீன்காரர்கிட்ட பேசுறாங்களே, அந்த மலாய் போதும்."

"மீனா வாங்கப் போறாங்க, சார்? குடியுரிமை வாங்கப் போறாங்க."

அவர் சிரித்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தாளைப் பார்த்தாள். அந்த வீட்டில் படித்தவள் நான். அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நேர்முகம் ஒரு நீளமான கூடத்தில் நடந்தது. வரிசையாக மேசைகள், பின்னால் பெஞ்சுகள். எங்களுக்கு வந்த அதிகாரி சொங்கோக் தொப்பி அணிந்த, அமைதியான முகமுள்ள ஒரு மலாய்க்காரர். அம்மாவின் பயத்தைப் போக்கலாம் என்று நினைத்து, மலாயில் சாதாரணமாகக் கேட்டார்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து மாமன்னர் பெயரைச் சொன்னாள். பட்டங்களோடு, ஒன்று விடாமல்.

அதிகாரி கொஞ்சம் தயங்கிவிட்டு, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அம்மா பதின்மூன்று என்றாள். அவர் கோப்பைப் பார்த்தார். அதில் ஒரே மகள் என்று நான்தான் தட்டியிருந்தேன். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். செம்பருத்தி என்றாள்.

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி எங்கள் பெஞ்சைப் பார்த்து, வாத்தியாரிடம், நீங்கள் கொஞ்சம் உதவ முடியுமா என்று கேட்டார். அந்த அதிகாரி நல்ல மனிதர். வாத்தியார் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் போதும். வாத்தியார் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவங்களே சொல்வாங்க ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்று மலாயில் சொன்னார். பிறகு அம்மாவிடம், "பேசுங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். அதிகாரி பொறுத்தார். நாங்களும் பொறுத்தோம். அம்மா தலையைக் குனிந்துகொண்டு மடியில் கிடந்த முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். கோப்பு மூடப்பட்டது.

படிக்கட்டில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். "வாயத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா சார்? உங்க கொள்கைக்கு எங்கம்மாதான் கிடைச்சாங்களா? எங்க வீடு போச்சு. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

தாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "தப்பு என்மேலதான்மா. நான் பேசியிருக்கணும்." அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். என் மகள் எழுதிக் கொடுத்ததால்தான் தோற்றேன் என்று அம்மா ஒருநாளும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பழியை அவர் எடுத்துக்கொண்டார். படிக்கட்டு முடிவதற்குள் எனக்கு அது புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் கோபம் அதிகமாயிற்று.

அடுக்குமாடி வீடு வேறு குடும்பத்துக்குப் போனது. நாங்கள் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் ஓர் அறைக்குக் குடிபோனோம். இரண்டு வருடம் நான் அவரோடு பேசவில்லை. அவர் கடைக்கு வந்தால் நான் மெஷினுக்கு நாடா மாற்றப் போய்விடுவேன். கூட வேலை பார்த்த பெண் அவர் கடிதங்களைத் தட்டினாள்.

ஆனால் அம்மா அவரை விடவில்லை. மறுமாதமே அவர் வந்து கேட்டாராம்: "ஒரு அக்காவப் பிரசவ வார்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்மா. பொம்பளைத் துணை வேணும். நீங்க பேச வேணாம், சும்மா கூட வாங்க." அம்மா போனாள். பிறகு ஒரு பிள்ளையைப் பள்ளியில் பதிய. பிறகு யாருக்கோ தண்ணீர் இணைப்புக்கு. எனக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "அந்த ஆளுக்கு இனாம் வேலைக்காரியா நீ?" என்று கேட்டேன். அம்மா சிவப்பு ஹெல்மெட்டின் உள்ளே வைக்க நாளிதழை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை எப்போது அவளிடம் கொடுத்தார் என்றும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மதியம் ஓர் அலுவலகத்தில் கடைக்காக விண்ணப்பப் பாரம் வாங்கப் போயிருந்தேன். முகப்பிடத்தில் ஒரே சத்தம். ஒரு பெண் குரல், பச்சையான பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சில், "இந்தப் பொண்ணு காலையிலேருந்து நிக்குது, பிள்ளத்தாச்சி, ஒரு நாற்காலியாவது குடுங்க முதல்ல" என்று கேட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அம்மா. உள்ளே இருந்த பையன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் பெஞ்சில் வாத்தியார் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவேயில்லை. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. பாரத்தை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தபோது நான் நாடா மாற்றப் போகவில்லை. அம்மாவின் இரண்டாவது விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார். பண்டமாரானில் இரண்டாவது அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. தட்டினேன். அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பின்னால் நான்கைந்து பேர் நின்றார்கள். சரி, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "வரேன் அக்கா" என்று போனார்.

அடுத்த தடவை வரவில்லை. காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவர் ஐந்தாம் நாள் இறந்துபோனார். முப்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. சவ ஊர்வலத்தில் துறைமுகத்து ஆட்களும் லோரிக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கலந்து நடந்தார்கள். மூன்று தடவை முகப்பிடத்தில் நின்ற அந்த லோரிக்கார அண்ணன் பாதையோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். துணிப்பையில் பாதி திருத்திய நோட்டுகள் இருந்தன. பள்ளியில் அவற்றைத் திருத்தாமல் அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்களாம். சிவப்பு ஹெல்மெட்டை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து நேர்முகக் கடிதம் வந்தது. இந்தத் தடவை நான் எதையும் தட்டவில்லை, எதையும் ஒட்டவில்லை. பஸ்ஸில் போனோம். அதே கூடம், அதே சொங்கோக் அதிகாரி. நான் பின்பக்கத்துப் பெஞ்சில், வாத்தியார் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நீல கார்டு வந்தது, நான்காவது மாடியில் வீடும் கிடைத்தது. அம்மா கடைசிவரை அங்கேதான் இருந்தாள். ஆனால் எனக்கு நினைவிருப்பது அந்தக் கூடம்தான்.

அதிகாரி காலைச் சாப்பாட்டைக் கேட்டார். அம்மா, ரொட்டி, நேரமில்லை, பஸ் வந்துவிட்டது என்றாள். பிள்ளைகள் எத்தனை? ஒன்றுதான், அதோ உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றாள். அவர் சிரித்துவிட்டார். மாநிலம், மலர் எல்லாம் தாண்டிப் போனது. பிறகு கேட்டார்: உங்கள் வட்டாரத்து நகராண்மைக் கழக உறுப்பினர் யார்?

"சிக்கு" என்றாள் அம்மா. மலாயில் வாத்தியாரை அப்படித்தான் சொல்வார்கள்.

"பெயர்?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. வருடக்கணக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து போனவள், அவர் பெயரைக் கேட்டதே இல்லை. அவர் எங்கேயும் சொன்னதும் இல்லை. எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. பெஞ்சிலிருந்து பாதி எழுந்தேவிட்டேன். ஒரு சொல் சொன்னால் போதும். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வாத்தியார் அதை வாரத்தில் நான்கு நாள் செய்துகொண்டிருந்தார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். ஏதோ நினைவு வந்தவராக, "அந்த இரண்டு ஹெல்மெட் சிக்குவா? இன்றைக்கு அவர் வரவில்லையா?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையைத் தொடவில்லை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"சிக்கு சுடா தாடா, துவான்" என்றாள். "சாயா சென்டிரி டாத்தாங். தாஞ்ஞா லா."

வாத்தியார் இப்ப இல்ல, ஐயா. நானேதான் வந்திருக்கேன். கேளுங்க.